புதுப்பிப்பு: விழித்திரை விலகலும் சிப்ரோஃப்ளாக்சசினும்

விழித்திரை விலகலுக்கு (கண்ணின் உட்புறத் திரை பெயர்ந்து வருவது) ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு, சிறுநீர்த் தொற்றுக்கென்று சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதியிருக்கிறார்களே, கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "வேண்டவே வேண்டாம்" என்றவர்கள் காட்டியது 2012இல் வந்த கனடா ஆய்வு. படித்தேன். இவ்வகை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விலகல் சுமார் நாலரை மடங்கு அதிகம் என்கிறது. கேட்டாலே பகீரென்கிறது. ஆனால் கூடுதல் ஆபத்து, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை ஏனோ யாரும் எடுத்துப் போடவில்லை. 2013இல் வந்த டென்மார்க் ஆய்வில் அப்படித் தொடர்பு தெரியவில்லை. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும், விழித்திரை விலகலுக்கு இந்த மருந்துகள்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. (தசைநாண், நரம்பு பற்றிய எச்சரிக்கைகள் அப்படியே நிற்கின்றன. எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.)

கண் டாக்டரும், "கண்ணுக்காக இதை நிறுத்த வேண்டாம்மா, கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும்" என்றார். (சிறுநீரில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை.) ரிப்போர்ட் வந்தது. கிருமி ஈ.கோலி, சிப்ரோவுக்கு நேரே 'எதிர்ப்பு', நைட்ரோஃபுரான்டோயின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு நேரே 'கட்டுப்படும்'. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருந்ததால் அதற்கே மாற்றிவிட்டார்கள். இவ்வளவு நாள் விவாதித்த மாத்திரை அந்தக் கிருமியிடம் வேலைக்கே ஆகாது!

அப்புறம், மாத்திரை எதுவானாலும் கண்ணில் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார் கண் டாக்டர். அம்மா தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் தேதியைப் படித்துப் பார்க்கிறார்.