காக்ளியர்: ஆபரேஷன் இலவசம், அதுக்கப்புறம்?

மேட்டூர்க்காரன்:
தங்கச்சி பையனுக்கு ஒண்ணரை வயசு. காது கேட்குதான்னு பார்க்கிற பெரா (BERA) டெஸ்ட்ல ரெண்டு காதும் கேட்கலைன்னு வந்துடுச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள காக்ளியர், அதாவது உள்காதுல ஆபரேஷன் பண்ணி வெக்கிற கேட்கும் கருவி, வெச்சுடலாம்னு டாக்டர் சொல்றார். மச்சான்தான், "இலவசம்னு இழுத்துட்டு பின்னாடி செலவு வைப்பாங்க"ன்னு தயங்குறார். பணக் கணக்குல இது தேறுமா?

கணக்குப்புலி:
யோசிக்கவே வேணாம். வெளியில போனா பல லட்சம் ஆகுற வேலை. 2000ல ஜாமா மருத்துவ இதழ்ல அமெரிக்கக் கணக்கு ஒண்ணு வந்தது. ஒரு குழந்தைக்கு ஆயுசு முழுக்க ஆகும் செலவு சுமார் 60,000 டாலர். அதைக் கழிச்ச பிறகும் சமூகத்துக்கு மிச்சம் 53,000 டாலர் சொச்சம். அரசாங்கம் போடுற காசு திரும்பி வருது.

கைமொழி:
நான் பிறவியிலேயே காது கேளாதவன். அந்த 53,000 எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தீங்களா சார்? அதுல ஒரு பெரிய பங்கு படிப்புச் செலவுல மிச்சமாகுறது. அங்கே சிறப்புப் பள்ளிக்கு ஒரு குழந்தைக்கு ஆகுற செலவு மலை மாதிரி. நம்ம ஊர்ல அந்தப் பள்ளிகளுக்கு எவ்வளவு கிள்ளிக் கொடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். செலவே பண்ணாத இடத்துல என்ன மிச்சம் பிடிப்பீங்க?

கணக்குப்புலி:
சரி, அந்த எண்ணை அப்படியே இங்கே போட முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா பையன் பக்கத்துத் தெரு ஸ்கூல்லயே படிச்சு வேலைக்குப் போனா அந்தச் சம்பளம் கணக்குல வராதா?

சரவணன்அம்மா:
ரெண்டு பேரும் என் கணக்கையும் கேளுங்க. மகனுக்கு மூணு வயசுல திட்டத்துல ஆபரேஷன், ஒரு பைசா வாங்கலை. அப்புறம் கேட்கவும் பேசவும் பழக்குற தெரபிக்கு வாரம் ரெண்டு நாள் 40 கிலோமீட்டர் பஸ். அதுக்காகத் தையல் வேலையை விட்டேன், ரெண்டு வருஷம். அந்தக் கூலியை எனக்கு யாரும் கணக்குல எழுதலை. வாரண்டி முடிஞ்ச மழைக்காலத்துல, தலையில வெளியே ஒட்டுற காயிலோட வயர் போச்சு. புதுசு வாங்கப் பணம் பிரட்டுற வரைக்கும் 19 நாள் பையன் என் உதட்டையே பார்த்துட்டு இருந்தான். மாட்டின அன்னிக்கு குக்கர் விசில் கேட்டு அடுப்படிக்கு ஓடி வந்தான். வெச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்.

கைமொழி:
அக்கா, அந்த 19 நாளைத்தான் நான் சொல்றேன். சைகையும் தெரிஞ்சிருந்தா அவன் உங்ககிட்ட பேசியிருப்பான். மெஷின் கழட்டினா அவனும் என்னை மாதிரிதான். சைகை கத்துக்க வீட்டுக்கு ஆகுற செலவு நேரம் மட்டும்தான்.

சரவணன்அம்மா:
சைகை பழகினா பேச்சு வராதுன்னு தெரபி டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்களே தம்பி.

கைமொழி:
நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. என் தங்கச்சிக்குக் காது நல்லா கேட்கும். என்கூட சைகையிலேயே வளர்ந்தவ, இப்ப வீட்ல அவ வாயை மூட முடியலை.

மேட்டூர்க்காரன்:
மச்சான்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஆபரேஷனுக்குச் சரின்னுட்டார். ரெண்டு பேரும் மில்லுல ஷிப்ட் வேலை, வாரம் ரெண்டு நாள் தெரபிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு கேட்கிறார்.

சரவணன்அம்மா:
தெரபி எந்த ஊர்லன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க அண்ணா. காயில், கேபிள் விலையையும் கம்பெனிக்காரங்ககிட்ட எழுதி வாங்கிக்கோங்க. நான் கேட்காம விட்டுட்டேன்.