வேண்டுகோள்: தானாக நடுநிலைக்கு வராத இண்டிகேட்டர், கலைச்சொல் தேவை

திருமங்கலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புடையீர், வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காக நான் எழுதிவரும் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும்; ஒரே ஒரு தலைப்பில் தடுமாறி நிற்கிறேன். பழைய அம்பாசிடர், பத்மினி வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் நம் பக்கத்தில் இன்றும் இருப்பதால், அவ்வண்டிகளுக்கும் ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறேன்.

பழுது இதுதான். மேலமாசி வீதி முனையில் திரும்பி ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும், இண்டிகேட்டர் பிடி நடுவுக்கு வராமல், விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து சுழலும் கேம் என்ற வளையத்தில் புடைப்புகள் உண்டு; பிடியின் சுவிட்சில் சுருள்வில் தாங்கிய சிறு நாக்கு ஒன்று உண்டு. திரும்பும் திசையில் சுழலும்போது புடைப்பு அந்த நாக்கை மடக்கிவிட்டுக் கடந்துபோகும். ஸ்டியரிங் நேராகி வரும்போதோ நாக்கு அந்தப் பக்கம் மடங்காது என்பதால், புடைப்பின் தள்ளல் முழுவதும் பிடியில் இறங்கி, அதை நடுவுக்குத் தட்டிவிடும். நாக்கு உடைந்தாலும், வில் தளர்ந்தாலும், பழைய கிரீஸ் இறுகி நாக்கை ஒட்டவைத்தாலும், புடைப்பு தேய்ந்தாலும் இந்தத் தட்டல் நிகழாது. ‘செல்ஃப் கேன்சலிங்’ எனப்படும் இச்செயலுக்கு ஒரு சொல் தந்து உதவுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியர் தம்பிக்கு வாழ்த்துகள். விளக்கு தானே அணைவதால் ‘தன்னணைவு’ எனலாம். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரின் இரட்டும் என்பது நன்னூல் விதி. ஆகவே புணர்ச்சியில் ஐயத்துக்கு இடமில்லை. ‘கேம்’ என்பதற்கு ‘நெம்புருள்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்க, தாங்கள் அதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று தெரியவில்லை. 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊருக்குப் பக்கத்தில் அச்சாகும் நூலில் ‘கேம்’ என்று படிக்க மனம் ஒப்பவில்லை.

ஒத்தக்கடை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, புணர்ச்சியில் ஐயமில்லை, பொருளில்தான் ஐயம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்துவிட்டு வரும் மாணவனுக்கு ‘அணைவு’ என்றதும் அணைவுச் சேர்மங்கள்தாம் நினைவுக்கு வரும். ‘தன்மீட்சி’ எனலாமா என்று எண்ணினேன். இயற்பியலார் ‘மீட்சி’யை எலாஸ்டிசிட்டிக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விளக்கு ‘அவிதல்’ பழைய வழக்குத்தான் என்றாலும், நம் ஊரில் இன்று அவிப்பது இட்லியும் கிழங்குமே. ‘தானி’யில் தொடங்கும் எந்தச் சொல்லைச் சொன்னாலும் குழுவிலேயே பாதிப்பேர் ஆட்டோ என்று எண்ணிக்கொள்வார்கள்.

மேலூர், பட்டறை உரிமையாளர்:

பெரியவர்களுக்கு வணக்கம். எங்கள் தொழிலில் ‘இண்டிகேட்டர் ரிட்டன் ஆகவில்லை’ என்பதே வழக்கு. தமிழாசிரியர் ஐயாவின் சொல் அழகானது. ஆனால் அது பழுதைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. பிடி சாய்ந்தபடியே இருக்க விளக்கு மட்டும் மின்னாமற்போனால், நாங்கள் விளக்கை மின்னவைக்கும் பிளாஷரையும் பல்பையும் ஒயரையும் பார்ப்போமே தவிர, ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டோம். விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்க, பிடி நடுவுக்கு வராமல் நின்றால்தான் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஹாரன் பட்டனை எடுத்து, உள்ளே இருக்கும் நட்டில் கைவைப்போம். தலைப்பில் ‘அணைவு’ என்று போட்டால் மாணவன் முதலில் பல்பைத்தான் கழற்றுவான். மீள்வது பிடி, விளக்கு அணைவது அதன் விளைவு.

கையேட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் வீலை உருவுமுன் தண்டிலும் வீலிலும் நேருக்கு நேராகக் குறி போட்டுக்கொள்ள வேண்டும். கேம் வீலோடு சேர்ந்து சுழலும் வண்டிகளில், தண்டின் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி வீலை மாட்டினாலும் புடைப்பு இடம் மாறி, ஒரு பக்கம் முன்கூட்டியே தட்டும், மறுபக்கம் தாமதமாகத் தட்டும் அல்லது தட்டவே தட்டாது. அப்போது நல்ல சுவிட்சைக் குறைசொல்லி மாற்றுபவர்கள் உண்டு. அதேபோல, நான்குவழிச் சாலையில் தடம் மாறும்போது பிடி மீளாவிட்டால் அது பழுதே அன்று. புடைப்பு நாக்கைக் கடக்கும் அளவுக்கு ஸ்டியரிங் அங்கே சுழல்வதில்லை. ‘நெம்புருள்’ பற்றி எனக்கு மறுப்பில்லை. உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்கித் தருபவர் யாரேனும் இருந்தால் சரி.

உசிலம்பட்டி, சொல்லாய்வு அன்பர்:

மேலூர் அன்பர் ‘மீள்வது’ என்று எழுதியதுமே விடை கிடைத்துவிட்டதே! அந்த உறுப்புக்கு ‘மீளி’ என்று பெயரிடுங்கள். விடலை, காளை, மீளி என்பன பாலைநிலத் தலைவனின் பெயர்கள். பொருள்வயிற் பிரிந்தவன் வினைமுடித்து மீள்வதால்தான் மீளி எனப்பட்டான் என்பது என் நெடுநாள் துணிபு; திருப்பம் முடிந்ததும் தன் நிலைக்கு மீளும் பிடிக்கும் அது முற்றப் பொருந்தும். மின், மீன், மீள் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை எனக் கொண்டால், மின்னும் விளக்கும் மீளும் பிடியும் ஒரே சொற்குடும்பத்துள் அடங்கும். இண்டிகேட்டரையும் ‘கைகாட்டி’ ஆக்குங்கள். பழைய மாரிஸ் மைனர் வண்டிகளில் கதவுத்தூணிலிருந்து உண்மையாகவே ஒரு கை எழுந்து நின்று திசை காட்டியது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மீன் எவ்வாறு மீள்கிறது என்பதை அன்பர் தனியே விளக்கட்டும். உடன்போக்கில் தலைவியை அழைத்துச் சென்றவனும் பாலைத் தலைவன்தான். அவன் எங்கே மீண்டான்? மீளி என்பதற்கு வலிமை என்ற பொருளும் இருக்க, வலுவிழந்த நாக்கையும் வில்லையும் பேசும் இயலில் அதை வைப்பது முறையன்று. கைகாட்டி என்றால் இன்றும் மக்கள் ரயிலுக்குத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனினும், மேலூர் அன்பரின் விளக்கத்துக்குப் பிறகு ‘தன்னணைவு’க்காக நான் வழக்காடப் போவதில்லை. பெயராக வரும் இடத்தில் ‘தன்மீள்வு’ என்றும், வினையாக வரும் இடத்தில் ‘தானே மீளும்’ என்றும் எழுதுக.

ஒத்தக்கடை, மொழிபெயர்ப்பாளர்:

ஏற்கிறேன். 1940இல் பியூக் கார்களில் இவ்வமைப்பு வந்த காலத்திலிருந்து இதற்குத் தமிழ் கேட்டு யாரும் வந்ததில்லை போலும். நாம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டால் நல்லது.

திருமங்கலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. இயலின் தலைப்பு ‘தானே மீளாத இண்டிகேட்டர்’. சொற்பட்டியலில் ‘தன்மீள்வு’, அதன் எதிரே ‘பட்டறை வழக்கு: ரிட்டன்’. கேம் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘நெம்புருள் எனப்படும் கேம்’ என்று எழுதி, பிறகு கேம் என்றே தொடர்கிறேன். தமிழாசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். குறி போடும் குறிப்பும் தடம் மாறும் குறிப்பும் கட்டத்துக்குள் இடம்பெறும். படிகளை நாளைக் காலை அச்சகத்தில் கொடுத்துவிடுவேன்.

உசிலம்பட்டி, சொல்லாய்வு அன்பர்:

பெரும்பான்மை வென்றதாகவே இருக்கட்டும். ‘மீளி’யை ஆராயாமல் தள்ளியது குறித்த என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்ய வேண்டுகிறேன். அந்த ‘நாக்கு’ம் சரியான சொல் அன்று, ‘கொண்டி’ என்பதே பொருந்தும். அதன் வேர்ச்சொல்லாய்வைப் பகுதிகளாக எழுதத் தொடங்கிவிட்டேன், முதற்பகுதி இன்றிரவு வரும்.