உகணையில் பரசூட்டுகள்: அந்த வழியாக வரும் பிளேனுக்குக் குதிப்பவர்கள் தெரிவார்களா?

திமிலைதீவான்:

போன வாரம் கண்டியிலிருந்து மகியங்கனை, மகா ஓயா வழியாக அம்பாறைக்கு வந்துகொண்டிருந்தோம். உகணையில் விமானப்படை முகாமின் பக்கமாகப் பரசூட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. பரசூட் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது என்று தெரியும். ஆனால் கண்ணால் கண்டது அன்றுதான். வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அம்மா ஏழு என்று எண்ணினார், நான் எட்டு என்றேன். பிறகு அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார்: “மனே, இந்த நேரம் பார்த்து வேறொரு பிளேன் இந்தப் பக்கம் வந்தால், ஓட்டுகிறவனுக்கு இவர்கள் தெரிவார்களா?”

மட்டக்களப்பு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா நம்புகிறார். கூரைக்கு மேலே பிளேன் போனால் கோழிகள் ஓடும், என் விமான அறிவு அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைமுனைப் பெடியன்:

இத்தனை பெரிய வானத்தில் போயும் போயும் ஒரு மனிதன் மீதா பிளேன் மோதப் போகிறது? அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் அண்ணன்.

பழைய லோடர், களுவாஞ்சிக்குடி:

தம்பி கோட்டைமுனை, வானம் பெரியதுதான். ஆனால் குதிக்கிற இடம் சிறியது. ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே ஓடுபாதை. பல இடங்களில் சிறு விமானங்கள் ஏறி இறங்குவதும் அங்கேயேதான்.

நான் வளைகுடாவில் ஒரு ஸ்கைடைவிங் மையத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். குதிப்பவர்களைப் பிளேனில் ஏற்றிவிடுவது முதல் வேலை. பிறகு தொலைநோக்கியும் வோக்கிடோக்கியுமாகத் தரையில் நின்று வானத்தைப் பார்ப்பது. குதித்தது ஒரு தடவைகூட இல்லை, அந்த ஆசையும் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு நேரான பதில்: தெரியமாட்டார்கள். பரசூட் விரிந்தபின் ஓரளவு தெரியும். அதற்கு முன் குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். 1000 அடியைக் கடக்க 6 வினாடிகூட ஆகாது. 13,000 அடியில் குதித்தால், பரசூட்டை விரிக்கும் வரை ஒரு நிமிடமளவில் அப்படியே விழுவார். பிளேன் ஓட்டுபவர் முன்னால் பார்க்கிறார், இவரோ தலைக்கு மேலிருந்து வருகிறார். செஸ்னா போன்ற சிறு விமானங்களில் இறக்கையும் கூரையும் அந்தப் பக்கத்தை மறைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாவியில் இரவில் தோணி விடுகிறவர்களுக்கு இது தெரியும். எதிரே தெரிகிற விளக்கு இடமோ வலமோ நகர்ந்தால் பயமில்லை. அசையாமல் ஒரே திசையில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அது நம்மீதுதான் வருகிறது. வானத்திலும் அதே கதை. மோத வருகிற பொருள் விமானியின் முன்கண்ணாடியில் அசையாத புள்ளியாகவே தெரியும். அசையாததைக் கண் கவனிக்காது.

ஆகவே கண்ணை நம்பி இந்தத் தொழில் நடக்கவில்லை, வாயை நம்பி நடக்கிறது. அமெரிக்க விதிகளின்படி, குதிப்பதற்குக் குறைந்தது 5 நிமிடத்துக்கு முன்னராவது விமானி வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுடன் வானொலித் தொடர்பில் இருக்க வேண்டும். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. நாங்கள் வேலை செய்த இடத்திலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். மேலே கதவு திறந்ததும் முதல் ஆள் தலையை வெளியே நீட்டி நேர் கீழே பார்ப்பார். காற்றில் கன்னம் படபடவென்று அடிக்கும். குதிக்கும் இடம் சரியா, கீழே வேறு பிளேன் ஏதும் போகிறதா என்று பார்த்தபின்தான் காலை வெளியே வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவு திறக்கப் போகும் நேரம். எங்கிருந்தோ ஒரு சிறு விமானம் வந்து எங்கள் இடத்துக்கு நேர் மேலே குறுக்காகப் போனது. யாருடனும் பேசவில்லை. நான் வோக்கிடோக்கியில் “நிறுத்து, நிறுத்து” என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன் என்று பிறகுதான் சொன்னார்கள். அதிர்ஷ்டத்துக்குப் பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். மேலே குதிக்கலாம் என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. பிளேன் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தது.

மோதியதே இல்லையா என்று கேட்டால், மோதியிருக்கிறது. 1993இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நோர்தம்டன் என்ற ஊருக்கு மேலே விழுந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு சிறு விமானத்தில் மோதினார். விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். குதித்தவர் கணுக்கால் முறிவோடு பிழைத்தார்.

கல்முனை ஆயிஷா:

அண்ணன், கண்ணை இவ்வளவு குறைத்துச் சொல்லாதீர்கள். நான் இரத்மலானையில் விமானி உரிமத்துக்குப் படித்தவள். எங்களுக்குச் சொல்லித்தந்தது இது: வரைபடத்தில் பரசூட் குறி இருந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் போ. புறப்படுமுன் விமானிகளுக்கான அறிவித்தல்களைப் படி, நாங்கள் அதை நோட்டாம் என்போம். அந்த இடத்து அலைவரிசையைக் கேள். அதன்பின் கண்ணைப் பயன்படுத்து. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண் வேறு, சும்மா பார்க்கிற கண் வேறு.

நீங்கள் சொல்லாத ஒன்று: ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை. 2014இல் புளோரிடாவின் மல்பெரியில் ஒரு செஸ்னா தரைக்கு மிக அருகில் ஒருவரின் பரசூட்டில் சிக்கி, முன்பக்கம் தரையில் மோத விழுந்தது. ஓட்டியவருக்கு 87 வயது. இருவருமே பிழைத்தார்கள். ஒருவர் அதைப் படம் படமாக எடுத்திருக்கிறார்.

பழைய லோடர், களுவாஞ்சிக்குடி:

சரி தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். தரையருகே கண்தான் வேலை செய்கிறது. இன்னொன்றையும் மறந்துவிட்டேன்: எங்களுக்கு அதிகப் பயம் எங்கள் பிளேன்தான். ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த தொகுதியை ஏற்ற அது கல்லைப்போல இறங்கும், பரசூட்டுகளோ ஆறுதலாக வரும். அதனால் பிளேன் எப்போதும் ஒரு பக்கத்தால்தான் இறங்க வேண்டும் என்று கட்டளை. முன்பு மட்டக்களப்புக்குப் பயணிகளோடு வந்த செஸ்னா கரவான் இருக்கிறதே, குதிப்பதற்கும் உலகெங்கும் பலர் அதை விரும்புகிறார்கள். அகலமான கதவு.

கோட்டைமுனைப் பெடியன்:

இப்போது பிளேன் எல்லாம் கைபேசியிலேயே தெரிகிறதே அண்ணன்?

பழைய லோடர், களுவாஞ்சிக்குடி:

பிளேனில் கருவி இருக்கிறது, அதனால் தெரிகிறது. குதிப்பவரிடம் அது இல்லை. அவரிடம் இருக்கிற பெட்டி, குறித்த உயரத்திலும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் மாற்றுப் பரசூட்டை விரிக்கும். பிளேன் வருகிறதா என்று அதற்குத் தெரியாது.

திமிலைதீவான்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் கத்திய இடத்தில் சிரித்துவிட்டார். இப்போது அடுத்த கேள்வி: நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்குக் கழுத்து நோகாதா?

பழைய லோடர், களுவாஞ்சிக்குடி:

நோகும் என்று சொல்லுங்கள். இரண்டாவது மாதத்திலிருந்து ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மல்லாந்து கிடந்துதான் பார்த்தேன். மேலாளர் முதலில் நான் தூங்குகிறேன் என்று நினைத்தார்.