காப்பிப் பறிப்பு முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகள்: கையாண்டு பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஏற்காடு ஆசிரியை:
சேர்வராயன் மலையில் காப்பிப் பறிப்பு மாதங்களில் அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நின்றுவிடும். திரும்பி வரும் முதல் நாள்தான் கண்டம். "இத்தனை நாளா எங்க போன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் மறுநாள் வராது. விட்ட பாடத்தையெல்லாம் பார்த்து எழுதச் சொல்வதும் வீண்; நோட்டு நிறையும், எழுத்து நிற்காது. தினம் இருபது நிமிடம், ஐந்து சொல், ஒரே வகைக் கணக்கு போதும். காப்பிக்கொட்டையைப் பத்துப் பத்தாக எண்ணிக் கொட்டாங்குச்சியில் போடச் சொல்லுங்கள். 32-இல் 7 போக என்றால் மூன்று கொட்டாங்குச்சி, வெளியே இரண்டு கொட்டை. இரண்டில் ஏழு போகாது என்று பிள்ளையே சொல்லும். அப்போது ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். 'கடன் வாங்குவது' அங்கேதான் புரிகிறது. கவிழ்ப்பதற்கு முன்பே கரும்பலகைக்குத் தாவினால் போச்சு.

சிறப்புப் பயிற்றுநர்:
வந்தும் வாய் திறக்காத பிள்ளையைக் கூச்சம் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காதைப் பாருங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லுங்கள். மூன்று தடவையும் திரும்பாவிட்டால் வட்டார வள மையத்துக்கு (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.
காதுக்கருவி போட்ட பிள்ளைக்குப் பனிமூட்டம் பெரிய எதிரி. ஈரம் ஏறினால் சத்தம் கரகரக்கும். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பேட்டரியையும் உள்ளே போட்டால் அது காய்ந்துபோகும். புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டு மாட்டுங்கள், அது வேலை செய்வதே காற்றால்தான். தகரக் கூரையில் மழை அடித்தால் கருவி மழையையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அப்போது எழுதிப் போடுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், உதடு இருட்டிவிடும்.

சேலம் டவுன் தலைமையாசிரியர்:
மலையிலிருந்து வேலைக்காகக் கீழே இறங்கிய குடும்பத்துப் பிள்ளை டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, டிசி தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளக்கூடாது. 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக்கூடாது. அன்றைக்கே உட்காரவைத்துவிட்டு, பழைய பள்ளிக்கு ஃபோன் போட்டு எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் பெயரை விடுவிக்கச் சொல்லுங்கள். அவர்கள் விட்டால்தான் இங்கே ஏறும். ஏறும்வரை சாப்பாட்டு வரிசையில் தனியாக நிறுத்திவிடாதீர்கள்.