திரி: பெரியவர்கள் விழாமல் இருக்க ஸ்மார்ட்போன் போதுமாம்!

ஓய்வூதியர்72
நேற்று 'வீட்டுப் பெரியவர்கள்' பகுதியில் டல்லாஸ்காரன் என்ற அன்பர் எழுதியது இது: "அப்பா அம்மாவுக்கு ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள். நடை தள்ளாடினால் அதுவே முன்கூட்டியே சொல்லிவிடும். விழுந்துவிடுவார்களோ என்ற பயம் இனி வேண்டாம்." அதற்கு நாற்பது பேர் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். அந்தப் போன் இடுப்புக்குப் பக்கத்தில், பாக்கெட்டில் இருந்தால்தான் நடையை அளக்கும். நான் கட்டுவது நாலு முழ வேட்டி. வேட்டியில் பாக்கெட் எங்கே? தொலைபேசி இலாகாவில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் கேட்கிறேன். பதில் வரட்டும்.

டல்லாஸ்காரன்
வணக்கம் சார். நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. 2021-இல் ஐபோனை இயக்கும் மென்பொருளின் ஐஓஎஸ் 15 பதிப்பு வந்தபோதே 'வாக்கிங் ஸ்டெடினெஸ்' (நடையின் நிதானம்) என்ற வசதி ஐபோனுக்கு வந்துவிட்டது. நடை வேகம், அடியின் நீளம், இரண்டு காலும் சேர்ந்தாற்போல் தரையில் இருக்கும் நேரம், இடது கால் வலது கால் வித்தியாசம் எல்லாவற்றையும் பார்த்து, அடுத்த 12 மாதத்தில் விழ வாய்ப்பு அதிகமா என்று எச்சரிக்கும். ஓகே, லோ, வெரி லோ என்று மூன்று படி. ஐபோன் 8 இருந்தால் போதும். இதில் எங்கே தப்பு?

ஓய்வூதியர்72
நான் தப்பு என்று எங்கே சொன்னேன்? பாக்கெட் எங்கே என்றுதானே கேட்டேன். இன்வர்ட்டர் பேட்டரி திரியிலும் இதே மாதிரிதான். ஒன்றைக் கேட்டால் ஒன்பதைச் சொல்வீர்கள், கேட்டதைச் சொல்ல மாட்டீர்கள்.

டல்லாஸ்காரன்
இன்வர்ட்டரை விடவே மாட்டீர்களா சார்? அது முடிந்து ஒரு வருஷம் ஆகிறது.

ஓய்வூதியர்72
முடியவில்லை. நீங்கள் பாதியில் எழுந்து போனீர்கள்.

பிசியோ_அக்கா
மதுரையிலிருந்து எழுதுகிறேன், பிசியோதெரபிஸ்ட். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுங்கள். விழுந்த பிறகு கண்டுபிடித்து ஆளைக் கூப்பிடுவது ஒன்று. விழப்போகும் ஆபத்தை முன்னாலேயே கணிப்பது இன்னொன்று. விழாமல் இருக்க உடம்பைப் பழக்குவது மூன்றாவது. நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்தே சாகிறார்கள். இது விளையாட்டு இல்லை.

ஓய்வூதியர்72
நல்ல கேள்வி மேடம். அந்த மூன்றில் எதற்கு வேட்டியில் பாக்கெட் இருக்கிறது?

வம்பன்
😂😂 அக்கா போயே போச்சு

சென்சார்பித்தன்
நான் எம்பெடட் ஆள், அதாவது கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுபவன், கொஞ்சம் விளக்கட்டுமா. போனுக்குள் இருக்கும் ஆக்சலரோமீட்டர், அதாவது அசைவை அளக்கும் சென்சார், மேஜைமேல் சும்மா கிடந்தால் 9.8 காட்டும், அது புவியீர்ப்பு. கீழே விழும்போது பூஜ்யத்துக்குக் கிட்ட இறங்கும், தரையில் மோதும்போது ஒரு குதி குதிக்கும், அப்புறம் அசைவில்லை. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் 'விழுந்துவிட்டார்' என்று மென்பொருள் முடிவு கட்டும். சிக்கல் என்னவென்றால் போனை சோபாவில் எறிந்தாலும் கிட்டத்தட்ட இதே வரைபடம்தான் வரும். சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிடும் பாட்டிக்கோ இது வரவே வராது.

ஓய்வூதியர்72
ஆக, பொறியாளரும் ஒத்துக்கொண்டாயிற்று.

சென்சார்பித்தன்
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை சார். நடையை அளப்பது வேறு கணக்கு, அது நன்றாகவே வேலை செய்யும்.

ஓய்வூதியர்72
பாக்கெட் இருந்தால்!

அடுப்படி
வேட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். புடவையில் மட்டும் பாக்கெட் இருக்கிறதா? எங்கள் மாமியாருக்கு 78. அவர் போன் எப்போதும் ஃபிரிட்ஜ் மேல், சார்ஜரில். போன வருஷம் ஆனி மாதம், காலை ஏழரை மணி. வேலைக்காரம்மா ஹாலை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார். கொழுந்தனார் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிற நேரம் அது. பூஜை அறையில் திரி திரித்துக்கொண்டிருந்தவர், மணி அடித்ததும் "என் பிள்ளைடி" என்று எழுந்து ஓடினார். ஈரத்தில் கால் வழுக்கி, சார்ஜர் வயரைப் பிடித்து, போனோடு சேர்ந்து கீழே. தொடை எலும்பில் ஆபரேஷன். போன் அப்போதும் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. இப்போது சொல்லுங்கள், போன் விழாமல் காப்பாற்றுமா, விழ வைக்குமா?

டல்லாஸ்காரன்
கேட்க வருத்தமாக இருக்கிறது மேடம். ஆனால் காலை ஏழரை, வெளிநாடு என்று குறிப்பாக எழுதியிருப்பது என்னைத்தானோ என்று தோன்றுகிறது. இங்கே அமெரிக்காவில் எனக்கு அப்போது இரவு ஒன்பது மணி. வேலை முடிந்து அம்மாவைக் கூப்பிடுவது தப்பா?

அடுப்படி
உங்களை யார் சொன்னது? எங்கள் கொழுந்தனார் இருப்பது சிட்னியில். ஆனாலும் தொப்பி பொருந்துகிறது போலிருக்கிறது.

டல்லாஸ்காரன்
இதுதான் எனக்குப் பிடிக்காதது. பணம் அனுப்பினால் 'பணம்தான் அனுப்புகிறான்', போன் வாங்கிக் கொடுத்தால் 'போன்தான் கொடுத்தான்'. கூடவே இருந்தும் பாத்ரூமுக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தராத பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.

அடுப்படி
எங்கள் வீட்டில் கைப்பிடி உண்டு. நானே நின்று போட வைத்தேன்.

மொட்டைமாடி
பாட்டிகளுக்கு அந்தக் காலத்திலேயே இடுப்பில் சுருக்குப்பை இருந்ததே? வெற்றிலை பாக்கு இருந்த இடத்தில் போனைப் போட்டுச் செருகினால் போச்சு.

சென்சார்பித்தன்
ஊசலாடும் பையில் போனைப் போட்டால் நடையை அளக்காது, பையின் ஆட்டத்தைத்தான் அளக்கும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

மொட்டைமாடி
சுருக்குப்பை ஊசலாடும் என்று யார் சொன்னது? புடவைக் கட்டுக்குள் இறுக்கிச் செருகுவார்கள். பாட்டியைப் பார்த்ததே இல்லையா?

சென்சார்பித்தன்
சார், எங்கள் பாட்டி நாலு ரூபாய் சில்லறை வைத்திருந்தார். 200 கிராம் போன் வைக்கவில்லை.

ஓய்வூதியர்72
சுருக்குப்பை பெண்களுக்கு. என் கேள்வி வேட்டிக்கு. திசை திருப்ப வேண்டாம்.

பிசியோ_அக்கா
என் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பரவாயில்லை. போன் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய ஆள். இதற்குப் பாக்கெட்டும் வேண்டாம், ஐபோனும் வேண்டாம். அப்புறம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரல்நுனியைத் தொடும்படி நிற்கப் பழக வேண்டும். அடிப்பிரதட்சணம் செய்வோமே, அதே அடிதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வில் 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது.

மொட்டைமாடி
அடிப்பிரதட்சணம்! பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பேலன்ஸ் டிரெயினிங் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வம்பன்
வந்துட்டாருய்யா. அடுத்து புஷ்பக விமானத்தில் கைரோஸ்கோப் இருந்துச்சுன்னு சொல்வார்

மொட்டைமாடி
சிரிக்கிறவன் சிரிக்கட்டும். எங்கள் அத்தை 81 வயதிலும் மாதா மாதம் செய்கிறார். ஒரு நாள் விழுந்ததில்லை.

பிசியோ_அக்கா
நான் சொன்னது பாதம் வைக்கும் விதத்தை மட்டும். கோயில் சண்டையை என் தலையில் கட்டாதீர்கள்.

டல்லாஸ்காரன்
மேடம் ஆய்வு என்றதும் நானும் ஒன்று வைக்கிறேன். சிட்னியில் 'ஸ்டாண்டிங்டால்' என்ற செயலி. 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 503 பேர். வாரம் இரண்டு மணி நேரம் வீட்டிலேயே பேலன்ஸ் பயிற்சி, சொல்லித்தருவது செயலி. இரண்டு ஆண்டுக் கணக்கில் விழுவது 16 சதவீதம் குறைந்தது. 2021-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இதற்கென்ன சொல்கிறீர்கள் ஓய்வூதியர் சார்?

பிசியோ_அக்கா
முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. முதல் 12 மாதத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பயிற்சி ஓடியதும் போனில் இல்லை, டேப்லெட்டில்.

வம்பன்
டேப்லெட்னா எங்க தாத்தா தினம் ஏழு போடுறார், இன்னும் பேலன்ஸ் வரலை

பிசியோ_அக்கா
வம்பன், நீங்கள் சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் விஷயம். பிபி மாத்திரை, தூக்க மாத்திரை என்று நாலைந்து சேரும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், செருப்பு கழன்றதே தெரியாது. இதையெல்லாம் எந்தப் போனும் கேட்காது, டாக்டர் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

மொட்டைமாடி
அரசியல் வேண்டாம் மேடம்.

பிசியோ_அக்கா
பிசியோதெரபி அரசியலா?!

ஓய்வூதியர்72
டல்லாஸ் தம்பி என்னைப் பெயர் சொல்லிக் கேட்டதால் பதில். டேப்லெட் வேட்டி மடிப்பில் நிற்குமா? நிற்காது. ஆகவே என் கேள்வி அப்படியே இருக்கிறது. இன்னொன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 90 தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2008, அதே பிஎம்ஜே. அழுத்தினால் உதவிக்கு ஆளைக் கூப்பிடும் அழைப்பு மணி வசதி பலருக்கு இருந்தது. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. உங்களுக்கு மட்டும்தான் பிஎம்ஜே படிக்கத் தெரியும் என்று நினைத்தீர்களா? லேண்ட்லைன் இருந்தவரை அது அதன் இடத்தில் இருந்தது, நாம் நம் இடத்தில் இருந்தோம். யாரும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அலையவில்லை.

டல்லாஸ்காரன்
லேண்ட்லைன் காலத்தில் யாரும் விழவில்லையா சார்?

ஓய்வூதியர்72
விழுந்தார்கள். ஆனால் 80,000 ரூபாய் செலவு செய்து விழவில்லை.

சென்சார்பித்தன்
ஒரு பெல்ட் பவுச் 250 ரூபாய். வேட்டிமேல் கட்டலாம். பச்சை பெல்ட்டில் பணம் வைத்துக் கட்டிக்கொள்ளும் மாமாக்கள் எத்தனை பேர்! முடிந்தது விவாதம்.

ஓய்வூதியர்72
பவுச் என்பது பாக்கெட் ஆகாது. வேட்டியில் பாக்கெட் இல்லை என்பதை நீங்கள் ஒத்துக்கொண்டதால்தான் பவுச் விற்க வருகிறீர்கள்.

அடுப்படி
சார், ஒரு சந்தேகம். திரி தொடங்கியதிலிருந்து பத்துப் பதிவு போட்டுவிட்டீர்கள். எல்லாம் போனில்தானே? அந்தப் போனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஓய்வூதியர்72
சட்டைப் பையில். சட்டைப் பை மார்பில் இருக்கிறது, இடுப்பில் இல்லை. ஆகவே அது கணக்கில் வராது.

வம்பன்
ஐயா நேரம் ராத்திரி 2.14 காட்டுது. இந்நேரத்துல சட்டையோடயா தூங்குறீங்க?

ஓய்வூதியர்72
தூங்கவில்லை. பாத்ரூம் போக எழுந்தேன். போகிற வழியில் பதில் போடுகிறேன்.

பிசியோ_அக்கா
ஐயா! இருட்டில் நடந்துகொண்டே டைப் அடிக்கிறீர்களா? முதலில் உட்காருங்கள்!

ஓய்வூதியர்72
போனில் டார்ச் போட்டிருக்கிறேன் மேடம், வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது.

டல்லாஸ்காரன்
ஆக, போன் உதவுகிறது!

ஓய்வூதியர்72
டார்ச் வேறு, பாக்கெட் வேறு. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். காலையில் வந்து பார்க்கிறேன்.