சேர்வராயன் மலையிலும் சேலத்துத் தெருக்களிலும்: சமுதாய சுகாதாரச் செவிலியர் அனுபவப் பகிர்வு

ஏற்காடு மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக 11 ஆண்டுகள் பணியாற்றியவர் எழுதுகிறார்

எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கும் வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுகளுக்கும் படித்துக்கொண்டிருக்கும் தங்கைகள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: சமுதாய சுகாதாரச் செவிலியப் பாடத்தில் எல்லாம் தெரிந்திருந்தும் மதிப்பெண் ஏன் போகிறது? வரையறைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஆனால் 'செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது' என்று வினா வந்தால் நான்கு விடைகளும் சரியாகத் தோன்றுவதால் தடுமாறிப்போகிறார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றம் தீர்ந்த இடம் ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டு வாசல். அதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததை நீங்களும் எழுதுங்கள்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருந்த ஐந்தாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட தோட்டத்தில் இருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் அப்படி இருந்தாலும் இம்மக்கள் பேசுவது தமிழ்தான்.) முதல் பரிசோதனையில் அவருடைய ஹீமோகுளோபின் 8.6 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை, 7 முதல் 9.9 வரை மிதமானது, 7-க்கும் கீழே கடுமையானது என்பதைப் படித்திருப்பீர்கள். மிதமான நிலையில் நாளொன்றுக்கு இரண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லையென்றால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மாதம் கழித்துப் பார்த்தேன்: 8.7.

மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். பிரசவத்தின்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடம்பு தாங்காது, குழந்தை எடை குறைந்து பிறக்கும் என்று வாசலில் நின்றபடியே கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய மாமியார்தான் உள்ளே போய், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை நூலில் கோத்து வைத்திருந்த கட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "ஒண்ணு விடாம முழுங்கியிருக்கா நர்சம்மா. நாந்தான் எடுத்துக் குடுக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எந்த நேரத்தில், எதைக் குடித்து விழுங்குகிறார்? விடியற்காலையில் பழம் பறிக்கக் கிளம்பும் முன் ஒன்று, சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒன்று. இரண்டு வேளையும் வரக்காப்பியோடு. போதாததற்கு, இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டால் மறக்காது என்று கால்சியம் மாத்திரையையும் கூடவே கொடுத்து வந்திருக்கிறார் அந்த அம்மாள். மருமகள் மீது அவ்வளவு அக்கறை. காப்பியிலும் தேநீரிலும் உள்ள பொருள்கள் இரும்புச்சத்தைப் பிணைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. கால்சியமும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. காப்பிக்காட்டின் நடுவில் வாழ்கிற ஒரு வீட்டில் காப்பியைப் பற்றி ஒரு சொல் கேட்காமல், சாப்பிட்ட மாத்திரையைச் சாப்பிடவில்லை என்று பழி சொல்லியிருக்கிறேன்.

அன்று மூவரும் உட்கார்ந்து நேரத்தை மாற்றி அமைத்தோம். காலை உணவுக்குப் பிறகு கால்சியம். இரும்புச்சத்து மாத்திரை வேலையிடத்தில் நடுப்பகலிலும் இரவிலும், தண்ணீரோடு மட்டும், காப்பிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு. தோட்டத்து ஓரத்தில் ஆரஞ்சும் கொய்யாவும் இருந்ததால், அந்தப் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்கும் என்று சொன்னதை அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் 9.8.

இதைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அவருக்கு அது நோய் வருமுன்னே காக்கும் முதல்நிலைத் தடுப்பு, அதிலும் 'குறிப்பிட்ட பாதுகாப்பு' என்ற பிரிவு. அதே மாத்திரையை 8.6 உள்ளவருக்குக் கொடுத்தால் அது சிகிச்சை, ஆகவே இரண்டாம்நிலைத் தடுப்பு. ஹீமோகுளோபின் பார்ப்பதும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதால் இரண்டாம்நிலையே. வினாவில் மாத்திரையின் பெயரைக் கண்டதும் விடையைக் குறித்துவிடாமல், அதை வாங்குகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்.

சேலம் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் எழுதுகிறார்

அக்கா எழுதியதைப் படித்ததும் அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடும் ஒரு தெருவில் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. டெங்கு பரவிய ஒரு மழைக்காலம். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், சாக்கடையை விட்டுவிட்டு வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும், ஆகவே வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து காய வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் தறியை நிறுத்திவிட்டு வந்த பெண், "கொட்டச் சொல்றீங்க, சரி. அடுத்த தண்ணி எப்ப வரும்னு சொல்லுங்க, கொட்டிடறேன்" என்றார். அவர் வாதத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விடை எதிர்பார்த்துக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஆறு பேர் இருந்த அந்த வீட்டில் டிரம் தண்ணீர்தான் சமையலுக்கும் குளியலுக்கும். அதைக் கொட்டச் சொல்வது அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை ஓர் அறிவுரையாகவே இருக்க முடியாது.

பிறகு அவரிடமே கேட்டுக் கேட்டு ஒரு வழி கண்டோம். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் நாளில் மிச்சத்தைக் குடத்துக்கு மாற்றிவிட்டு, டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு தேய்ப்பது. நிரப்பியதும் பழைய வேட்டியால் வாயை இறுக்கிக் கட்டுவது. தேய்ப்பதுதான் இதில் உயிர். ஏடிஸின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பும் வீட்டில் கொசுப்புழு மறுபடி வருவதற்குக் காரணம் இதுவே. நான் முதலில் சொன்னபடி அவர் கொட்டியிருந்தால்கூட முழுப் பயன் இருந்திருக்காது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

புழுக் கணக்கெடுப்பில் மூன்று குறியீடுகளைப் பலர் குழப்பிக்கொள்வதால் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 50 வீடுகளைப் பார்த்து 5 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 10. அந்த வீடுகளில் தண்ணீர் இருந்த 200 பாத்திரங்களில் 8-இல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு 4. பிரிட்டோ குறியீடு 100 வீடுகளுக்கு எத்தனை புழுப் பாத்திரங்கள் என்று கேட்பது. 50 வீட்டுக்கு 8 என்றால் 16.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு தகப்பனார், பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலையில்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். பையன் சோர்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். வயிறு வலிக்கிறதா, எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று கேட்டேன்; கேட்ட மூன்றுக்கும் வந்த பதில்கள் நல்லவையாக இல்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். உடனே ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தோம். நான்கு நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினான்.

தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கையின் கேள்வி

நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் ஒரு வினா: பத்து வாரக் குழந்தைக்கு அடுத்த தவணைத் தடுப்பூசி வேண்டாம் என்று தாய் மறுக்கிறார், வீட்டுக்குச் சென்ற செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? தடுப்பூசியின் நன்மைகளை விளக்குவது என்று குறித்தேன். தவறு என்று வந்தது. நலக்கல்விதானே நம் முதற்கடமை?

தோட்டத்து மருந்தகம் ஒன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் எழுதுகிறார்

தங்கையின் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அதற்கு முன், 'முதலில் கேள்' என்பதை அப்படியே மனத்தில் பதித்துக்கொண்டு தேர்வுக்குப் போய்விடாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் காலை மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. அவரோடு வந்தவர்கள் காயத்தில் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். என்னுடன் இருந்த பயிற்சிச் செவிலியர் பதிவேட்டைத் திறந்து, எந்த நாய், வளர்ப்பு நாயா, எப்போது கடித்தது என்று எழுதத் தொடங்கினார். நான் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துவிட்டு, குழாயடிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடி நச்சுயிரியைக் காயத்திலேயே குறைப்பதற்கு நம் கையில் இருக்கும் மிக மலிவான, மிக வலுவான வழி அது. அதைக் கேள்விகளுக்காகத் தள்ளிப்போடக் கூடாது. கழுவிக்கொண்டே கேட்கலாம், கேட்டுவிட்டுக் கழுவுவது சரியில்லை.

தோலைத் துளைத்த கடி என்பதால் அது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த எதிர்ப்பொருள்) போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் நாட்கள் 0, 3, 7, 28. பிட்டத்தில் போடக் கூடாது. அவரை மலையிறக்கி அனுப்பும்போது நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, மேஸ்திரியிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். வலி போனதும் மூன்றாவது ஊசிக்குப் போகாமல் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு வட்டாரத்தில் தடுப்பூசிப் பணியில் இருப்பவர் எழுதுகிறார்

அந்தப் பத்து வாரக் குழந்தையைப் போலவே ஒரு குழந்தை எனக்கும் வந்தது. ஆறாம் வாரம் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) போட்டாயிற்று. பத்தாம் வாரத்துக்குத் தாய் வரவில்லை. வீட்டுக்குப் போய், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி என்று ஒவ்வொரு நோயாகச் சொல்லப் போனேன். "அதெல்லாம் தெரியுங்க, அதுக்குத்தான் மொத ஊசி போட்டேன்" என்றார். அப்படியானால் எதனால் என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்தது: ஊசி போட்ட இரவு குழந்தை காய்ச்சலில் அழுதுகொண்டே இருந்திருக்கிறது, விடிய விடிய விழித்திருந்து மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலி போயிற்று. கணவரும் கடிந்துகொண்டிருக்கிறார். அந்தத் தாய்க்குத் தடுப்பூசி மேல் அவநம்பிக்கை துளியும் இல்லை.

காய்ச்சல் ஓரிரு நாளில் போகும் என்பதையும், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதையும், வீங்கிய இடத்தைத் தேய்க்காமல் ஈரத்துணி வைப்பதையும் கணவர் முன்னிலையில் சொன்னேன். மறுநாள் தோட்டத்துக்கு விடுமுறை வரும்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம். தாமதமானதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து, தவணைகளுக்கிடையே குறைந்தது நான்கு வாரம் விட்டுத் தொடரலாம். தங்கையே, நீங்கள் குறிக்க வேண்டிய விடை 'மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டறிவது'. காரணம் தெரியாமல் எந்த நன்மையை விளக்குவீர்கள்?

தடுப்பூசி மருந்தைக் கெடாமல் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் குளிர் சங்கிலி பற்றியும் ஒன்று. மலையில் குளிர்தானே, மருந்து கெடாது என்று எண்ணி, மார்கழிக் காலையில் ஒருமுறை டீப் ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை வெளியே வைத்து வியர்க்க விடாமல் அப்படியே கேரியரில் அடுக்கிவிட்டார் ஒருவர். முகாமில் திறந்தபோது பென்டாவேலன்ட் குப்பிகள் உறைந்து கட்டியாகியிருந்தன. குப்பியின் மீதுள்ள வி.வி.எம். (வெப்பம் பட்டால் கறுக்கும் குறி) சதுரம் மட்டும் வெளிறியபடியே இருந்து, மருந்து நன்றாக இருப்பதுபோல் காட்டியது, ஏனென்றால் அது வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.டி. முதலியவை உறைந்தால் வீரியம் இழக்கும். கண்ணெதிரே உறைந்திருந்தால், மருந்து உறைந்ததா என்று அறியச் செய்யும் குலுக்கல் சோதனைகூடத் தேவையில்லை, ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்து வந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்புவதா என்று எல்லோரும் தயங்கினோம். பயனற்ற ஊசியைப் போட்டு அட்டையில் தேதி எழுதுவதைவிட, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது மேல் என்று மூத்தவர் சொன்னார், அப்படியே செய்தோம். மறுநாளே மருந்தோடு அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போனோம்.

முதலில் எழுதியவர்

நாய்க்கடி பற்றி எழுதியவர் சொன்னது முழுக்கச் சரி. என் பதிவில் அது விடுபட்டிருந்தது. மூச்சு, இரத்தப்போக்கு, நஞ்சு, கடி போன்றவற்றில் கை முந்த வேண்டும். வினாவில் நேரத்தோடு போட்டியிடும் ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டறியும் விடையைத் தேடுங்கள்.

மலை ஊற்றுகளிலும் கிணறுகளிலும் குளோரின் கலந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. மழைக்குப் பின் கலங்கி வரும் தண்ணீரில் எவ்வளவு பவுடர் போட்டாலும் அந்த அளவு நிற்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் வீடுகளில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.