எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை: குதிகால் எலும்பில் விரிசல் வந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லாப்பெட்டி
தைப்பூசம் முடிந்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. வருஷம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். பாதயாத்திரையில் மூன்றாம் நாள், நத்தம் தாண்டி, இடது குதிகால் பிடித்துக்கொண்டது. கொப்புளம்கூட இல்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டுப் பழனி போய்ச் சேர்ந்துவிட்டேன். ஊருக்கு வந்து எக்ஸ்ரே எடுத்தால் சுத்தம். குதிகால் வாதம் என்று மாத்திரையும் ஜெல் செருப்பும் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு எலும்பு டாக்டர். அவர் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. குதிகாலின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி ஒரே அமுக்கு. நான் போட்ட சத்தத்தில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். “எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர், அவ்வளவுதான். எலும்புக்குள் கோடு போட்ட மாதிரி விரிசல். ஆறு வாரம் காலை அசையாமல் பிடிக்கிற பூட். அந்த இரண்டு வாரமும் அதே காலோடு கடைக்கு மாடி ஏறி இறங்கினேனே, அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

வைகைக்கரை
எல்லாம் ஸ்கேன் எடுக்க வைக்கிற வேலை. எங்கள் அம்மாவுக்கும் இதே வலிதான். செங்கல்லைச் சூடு பண்ணி, மேலே எருக்கிலை வைத்து மிதிக்கச் சொன்னோம். பத்தே நாளில் சரி.

கிரவுண்ட்பையன்
வைகைக்கரை சார், அம்மாவுக்குக் காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போய், நாலு எட்டு நடந்ததும் குறைந்திருக்குமே? அது பாதத்துச் சவ்வு. விரிசல் நேர்மாறு, நடக்க நடக்க ஏறும். அதைப் போய்ச் செங்கல்லில் மிதித்தால் என்ன ஆகும்?

எனக்குப் போலீஸ் செலக்‌ஷன், 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கிரவுண்டில் தண்ணீர் நின்றதால் பைபாஸ் தார் ரோட்டில் ஓடினேன். தினம் 2 கிலோமீட்டர் ஓடியவன், ஒரே வாரத்தில் 8 ஆக்கினேன். மேல்பாதத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னால், ஒற்றை விரலை வைத்து “இங்கே” என்று காட்டலாம், அப்படி ஒரு வலி. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்ததில் எலும்பைச் சுற்றிப் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தது. உடைந்தது தெரியவில்லை, ஒட்டுவதுதான் தெரிந்தது! செலக்‌ஷன் போச்சு.

பழைய பட்டாளம்
தம்பி, இதற்குப் பெயரே மார்ச் ஃப்ராக்சர்தான், அணிநடை போட்டு வருகிற எலும்பு விரிசல். பயிற்சியில் எனக்கும் வந்தது, வலது கால், எட்டு வாரம் அலுவலக வேலை. 1855இலேயே ப்ரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் சிப்பாய்களின் கால்வீக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று புரிந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பாரம் கூடினால் உடம்பு பழைய எலும்பை இடித்துப் புதிதாகக் கட்டும். இடிக்கிற ஆள் இரண்டு மூன்று வாரத்தில் வேலையை முடித்துவிடுவான், கொத்தனாருக்கு மூன்று மாதம் வேண்டும். சுவர் பாதி நிற்கும்போது நாம் ஓடினால் விரிசல்தான். அதனால் யாத்திரைக்கு மூன்று மாதம் முன்பே நடக்க ஆரம்பியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வைட்டமின் டி பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியிலோ, பாதத்து வளைவின் உச்சியிலோ வலித்தால் தள்ளிப்போடவே கூடாது, அங்கே சுலபத்தில் ஒட்டாது, ஆபரேஷன்வரை போகும். அப்புறம் தேய்ந்த ஷூவை மாற்றிவிடுங்கள்.

மல்லிகா54
அண்ணா, நான் ஓடவும் இல்லை, யாத்திரையும் போகவில்லை. மூச்சு இழுப்புக்குப் பல வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை. ஒரே ஒரு பௌர்ணமிக்கு அருணாசலத்தைச் சுற்றினேன், 14 கிலோமீட்டர். மறுநாளிலிருந்து குதிகால். “நடந்தால் சரியாகும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். ஸ்டீராய்டால் எலும்பு அடர்த்தியே குறைவு, குதிகாலில் விரிசல் என்று மகன் ரிப்போர்ட்டை வாசித்தான். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் போட்டார்.

வைகைக்கரை
அம்மாவிடம் கேட்டேன். காலை முதல் அடிதானாம். சரி, விடுங்கள்.

கல்லாப்பெட்டி
பட்டாளத்தையா, ஷூவுக்கு வேலையில்லை, நாங்கள் வெறுங்கால். அடுத்த தைக்கு நடக்கவில்லை என்று குழுவில் சொல்லிவிட்டேன். தண்ணீர் வண்டியில் உட்கார்ந்து மோர் ஊற்றச் சொல்கிறார்கள். போகிறேன்.